வெயில் இறங்கிய பின் வந்த மாவு

கஜபதி மகளோடு பேசினாரா என்று கேட்காதவர்கள் உங்களில் குறைவு. இந்த வாரமும் நான் உட்காருவதற்குள் அதைத்தான் கேட்பீர்கள். பேசவில்லை, கண்ணுகளா. ஆவணியில் மூடிய வாய், மார்கழி பிறந்தும் திறக்கவில்லை. ஆனால் இன்றைய பொழுது அப்படியே போகப்போவதில்லை. கொஞ்சம் பொறுத்து என்னோடு வாருங்கள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்கள் அதற்குள் காபியை ஆற்றிக்கொள்ளலாம்.

அம்பத்தூரில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது எட்மண்ட் பேக்கரி. எட்மண்ட் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது கல்லாவில் அவர் மனைவி ஞானகுமாரி, மாவு மேசையில் மகன் பெனிட்டோ. அந்தப் பெனிட்டோ விரும்பிக் கட்டியவள்தான் ஜெயப்பிரியா. அவள் அப்பா கஜபதி, திருமழிசையில் விறகுத் தொட்டி வைத்திருக்கிறார். எட்மண்ட் காலத்திலிருந்து அந்த பேக்கரி அடுப்புக்குச் சவுக்குக் கட்டை போட்டவர் அவர்தான். கல்யாணத்தின்போது இரண்டு வீடும் கொஞ்சம் முனகின. பிறகு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டன.

அப்புறம் விறகு விலை ஏறியது. அந்தப் பக்கத்துப் பெரிய தொழிற்சாலைகள் சில, எண்ணெய் எரித்தால் பூமி சூடாகிறது என்று தங்கள் பாய்லர்களை விறகுக்கு மாற்றின. நல்ல எண்ணந்தான். ஆனால் அவர்கள் தோப்பைத் தோப்பாகவே பேசி லாரியில் ஏற்றிக்கொண்டு போனதும், சின்ன ஆட்களுக்குக் கட்டை கிடைப்பது யானை விலையானது. பேக்கரிக்கு வாங்கிக் கட்டவில்லை. கஜபதிக்கு விற்றும் கட்டவில்லை. இதில் யாரைக் குற்றம் சொல்வது, சொல்லுங்கள்.

எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்த ஜெயப்பிரியா ஒரு வழி சொன்னாள். மொட்டை மாடியில் சூரியத் தகடு, கீழே இரண்டு தட்டு வைத்த மின்சார ஓவன். மாமியார் சம்மதித்தாள். பழைய விறகு அடுப்பை இடித்து அந்த இடத்தில் ஓவனை நிறுத்தினார்கள். தன் பிறந்த வீட்டு வியாபாரத்தில் தானே கை வைத்தாள் என்று திருமழிசையில் பேசிக்கொண்டார்கள். கஜபதி ஒன்றும் பேசவில்லை. தீபாவளிக்கு டிரைவர் கையில் பலகாரம் கொடுத்தனுப்பினார். தான் வரவில்லை. போன வாரம் ஜெயப்பிரியா மாடியில் தகடுகளைத் துடைத்துக்கொண்டே அழுதாளே, அது இதற்காகத்தான்.

சரி, இன்றைக்கு வருவோம்.

இன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு. அந்தக் காலனியில் இந்த நாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வீடு பிளம் கேக்குக்கு மாவு கலப்பார்கள். சுடுவதற்கு மட்டும் டின்னோடு எட்மண்ட் பேக்கரிக்குத் தூக்கி வருவார்கள். யார் வீட்டு டின் எது என்று தெரிய மேலே முந்திரியால் அடையாளம் வைப்பார்கள். ஷாரன் வீட்டு டின்னில் சிலுவை போல நாலு முந்திரி இருக்கும். ரேணுகா வீட்டுக்கு நடுவில் பொட்டு வைத்தாற்போல ஒரே ஒரு செர்ரி. ரேணுகா கோவிலுக்குப் போகிறவள்தான், ஆனால் பிள்ளைகளுக்குக் கேக் இல்லாமல் டிசம்பர் போகாது. 

மாவு வருவது எப்போதும் சாயங்காலம். அதற்கும் காரணம் இருந்தது. விறகு அடுப்பில் பகலெல்லாம் ரொட்டி சுட்டு முடித்து, தணலை வாரிவிட்டால், சூடு மெல்ல மெல்ல இறங்கும். அந்த இறங்கு சூட்டில்தான் பிளம் கேக் உள்ளே வரை வேகும். அடுப்பு போய்விட்டது, அது பழக்கிவிட்ட நேரம் மட்டும் ஜனங்களோடு தங்கிவிட்டது. வழக்கம்போல வாருங்கள் என்று ஞானகுமாரியும் சர்ச் வாசலில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

வெயில் சாய்ந்ததும் டின்கள் வர ஆரம்பித்தன. மேசை நிறைந்து, பெஞ்சு நிறைந்து, ரொட்டி அலமாரியும் நிறைந்தது. நாற்பதைத் தாண்டியது. பெனிட்டோ முதல் எட்டு டின்னை மேல் தட்டில் வைத்தான். அது பாதி வெந்துகொண்டிருக்கும்போது, கீழ்த் தட்டையும் சூடேற்றலாம் என்று ஜெயப்பிரியா சுவிட்சைப் போட்டாள்.

டக்கென்று எல்லாம் அணைந்தது. வாசலில் தொங்கிய நட்சத்திர விளக்கும் சேர்த்து.

மெயின் சுவிட்ச் விழுந்திருந்தது. அவள் தூக்கிவிட்டாள். சூடு ஏறத் தொடங்கியதும் மறுபடியும் விழுந்தது. இரண்டாவது முறை கீழ்த் தட்டை அணைத்துவிட்டுத் தூக்கினாள், நின்றது. ஆனால் அதற்குள் மேல் தட்டின் சூடு இறங்கிப்போய், உள்ளே இருந்த எட்டு கேக்கும் நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிட்டன.

அவளுக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். மீட்டருக்கு எவ்வளவு லோடு வேண்டும் என்று எழுதிக் கேட்கிறோமோ, அந்த அளவுக்கு ஒரு நிலையான கட்டணம் உண்டு. கடை ஓடினாலும் கட்ட வேண்டும், ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும். அதை மிச்சம் பிடிக்க, ஜெயப்பிரியா லோடைக் குறைவாகக் கேட்டிருந்தாள். பகலில் பாதி பாரத்தை மாடி வெயில் சுமக்கும், மீதியைத் தெருக் கம்பி சுமந்தால் போதும் என்பது அவள் திட்டம். அவ்வளவு நாளும் ரொட்டியைப் பகலிலேயே சுட்டதால் அது பிசகாமல் ஓடியது. இன்று வெயில் இறங்கிய பிறகு இரண்டு தட்டும் சேர்ந்து இழுத்ததும் கம்பியால் தாங்க முடியவில்லை. இந்தக் காலனி எந்த நேரத்தில் மாவோடு வந்து நிற்கும் என்பதை அவள் யோசித்தே பார்க்கவில்லை.

லோடைக் கூட்டித் தரக் கேட்கலாம். ஆனால் அதற்கு விண்ணப்பம் போட்டு, ஆள் வந்து பார்த்து, நாளாகும். ஒரே தட்டில் எல்லாவற்றையும் சுடுவதென்றால் விடிந்துவிடும். கலந்த மாவு அதுவரை காத்திராது. முட்டையும் பேக்கிங் பவுடரும் தங்கள் வேலையை முடித்துக்கொண்டுவிட்டால், பிறகு வருவது கேக் ஆகாது, களிதான் ஆகும்.

ஞானகுமாரி குழி விழுந்த டின்களை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, உரியவர்களிடம் தானே கொண்டுபோய்க் காட்டினாள். மறைக்கவில்லை. ஷாரன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பண்டிகை அன்று டியூட்டி; வார்டுக்கு எடுத்துப்போகத்தான் கேக். அவள் குழியைப் பார்த்தாள், மாமியாரையும் மருமகளையும் பார்த்தாள்.

"பரவால்ல ஆன்ட்டி. அந்தப் பள்ளத்துல கஸ்டர்டு ஊத்திட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். ஆனால் எல்லோருக்கும் அப்படி வாய் வருமா? பிராங்க் என்று ஒருவர், எட்மண்டோடு சர்ச் பாடகர் குழுவில் நின்றவர், மகள் ஆஷ்லி கலந்து கொடுத்த இரண்டு டின்னோடு வந்திருந்தார். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எட்மண்ட் இருந்தப்ப அடுப்பு இருட்டுலயும் எரிஞ்சுது."

ஆஷ்லி அவர் கையைக் கிள்ளினாள். சொன்னது சொன்னதுதான். ஜெயப்பிரியா ஓவனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

பெனிட்டோ அங்கே இங்கே போன் போட்டான். தெரிந்த கடைகளில் எல்லாம் அவரவர் ஆர்டரே ஓவனை அடைத்துக்கொண்டிருந்தது. ஞானகுமாரி மட்டும் அமைதியாக யோசித்தாள். விறகு அடுப்பு இன்னும் யாரிடம் இருக்கிறது, அது யாருக்குத் தெரியும்? விறகு போடுகிறவருக்குத்தான் தெரியும்.

மருமகளிடம் போய் அதைச் சொன்னாள். ஜெயப்பிரியா தலையை ஆட்டினாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்றாள். நீங்களே கேளுங்கள் அத்தை என்றாள்.

"நான் கேட்டா மரியாதைக்கு வருவாரும்மா. நீ கேட்டா மனசோட வருவாரு."

ஜெயப்பிரியா போனை எடுத்தாள். இரண்டாவது ரிங்கிலேயே அப்பா எடுத்துவிட்டார். ஆனால் பேசவில்லை. பின்னால் கட்டை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். தன் தப்பு என்ன என்பது உட்பட. மறுபக்கம் சத்தம் நின்றது.

"எத்தினி டின்னு?"

கேட்டீர்களா, கண்ணுகளா. இத்தனை மாதத்துக்கு அப்புறம் அப்பா மகளிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். அவள் அழுகையை விழுங்கிக்கொண்டு, நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்றாள்.

"வேலப்பன்சாவடியில லோடு இறக்கினு கீறேன். ஹேமநாதன் கடை. ரொட்டி எடுத்துட்டான், அடுப்பு சூடாத்தான் கீது. நீ டின்னுமேல துணியப் போட்டு வெய்யி. வரேன்."

அவர் வந்தபோது விறகு ஏற்றும் அவருடைய குட்டி யானை வண்டியின் பின்பக்கம் ஒரு சிராய் கூட இல்லாமல் கூட்டிப் பெருக்கப்பட்டிருந்தது. மேலே சாக்குகளை இரண்டு மடிப்பாக விரித்திருந்தார். யாரையும் நேராகப் பார்க்கவில்லை. பிராங்க்கின் டின்னை வாங்கும்போது மட்டும், சாய்க்காமல் கொடுங்க சார் என்றார். பிராங்க் இரண்டு கையாலும் கொடுத்தார்.

பெனிட்டோ கடையில் நின்றான். சில டின்களை வைத்துக்கொண்டு, ஒரு தட்டில் ஆகிறவரை ஆகட்டும் என்று. முந்திரி அடையாளம் வேலப்பன்சாவடிக்காரர்களுக்குத் தெரியாதே, அதனால் ஞானகுமாரி முன் சீட்டில் ஏறினாள். ஜெயப்பிரியா பின்னால், டின்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

கஜபதி அன்று ஓட்டிய மாதிரி யாரும் வண்டி ஓட்டி நான் கேள்விப்பட்டதில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவது போல இறக்கி ஏற்றினார். பின்னால் ஹாரன் வரிசை கட்டியது. அயப்பாக்கம் பக்கம் ஒரு பைக்காரன் ஒட்டி வந்து எட்டிப் பார்த்தான்.

"அண்ணாத்தே, இன்னா இவ்ளோ ஸ்லோ? முட்டையா ஏத்திகினு போறே?"

"முட்டைதாம்பா. ஒடச்சு ஊத்தி கீது, நீ போ."

ஞானகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் பேசும் தைரியமும் வந்தது. விறகு விற்ற விலைக்குக் கடையை மூடிவிடத் தான் தீர்மானித்திருந்ததையும், அந்த வாரமே ஜெயப்பிரியா காகிதத்தோடு வந்து உட்கார்ந்ததையும் சொன்னாள்.

"உங்க பொண்ணு ஒண்ணத்தையும் மூடல சம்மந்தி. மூட இருந்த கடைய நிமித்திக் குடுத்தா. அதுக்கு உங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லணும். நீங்க வளர்த்த பொண்ணு."

கஜபதி இன்னொரு வேகத்தடையை மெல்லத் தாண்டினார்.

"எனுக்குத் தெரியாதா சம்மந்திம்மா. பாய்லர்காரன் வாங்கற வெலைக்கு நான் எங்கேருந்து போட்டி போடறது. உங்க அடுப்பு எப்பவோ ஒருநாள் நிக்கும்னு எனுக்கே தெரியும். எம் பொண்ணு வந்து சொல்லியிருக்கலாம்ல? தொட்டிக்கு கட்டை ஏத்த வந்தவன் சொல்லி நான் தெரிஞ்சிக்கினேன்."

ஞானகுமாரிக்கு அது சுருக்கென்றது. அந்த நாட்களில் ஓவன் விலை, மானியம், கடன் என்று மூவரும் ஓடியதில், திருமழிசைக்கு ஒருநாள் போய் அவர் எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டு வரவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தனக்கே தோன்றியிருக்க வேண்டும், பெரியவள் நான், என்று சொல்லி அவரிடம் வருத்தம் தெரிவித்தாள். அவர் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டார். பின்னால் ஜெயப்பிரியா ஒரு கையால் டின்னைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை.

ஹேமநாதன் பேக்கரி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் பன் தின்ன வந்து நிற்கிற தெருவில் இருக்கிறது. அவர் தணலை வாரிவிட்டு, அடுப்பு வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். முன்பின் தெரியாத நாற்பது வீட்டு மாவுக்காக ஒரு மனுஷன் வேர்வையோடு நிற்கிறார் என்றால், அதை என்னவென்று சொல்ல? ஞானகுமாரி கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் கூச்சத்தோடு, டின்னைக் கொடுங்கம்மா, சூடு இறங்குது என்றார்.

எல்லா டின்னும் ஒரே ஈட்டில் அடுப்புக்குள் அடங்கின. அடுப்பு வாய் மூடியதும் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. ஹேமநாதனும் கஜபதியும் எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். ஜெயப்பிரியா மாமியார் தோளில் சாய்ந்துகொண்டாள். இன்று வராத வீடுகளுக்கெல்லாம், நாளை மாவைப் பகலில் கலந்து நல்ல வெயிலில் கொண்டுவரச் சொல்லிப் பெனிட்டோவுக்கு அங்கிருந்தே செய்தி அனுப்பினாள். எட்டு வீட்டுக்கும் புதிதாகக் கேக் போட்டுக் கொடுப்போம் அத்தை என்றாள். போடுவோம் என்றாள் ஞானகுமாரி.

பெனிட்டோ திருப்பிக் கூப்பிட்டான். கடையில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லையாம். பிராங்க் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, பாடகர் குழுவில் இருந்தவர்களைப் பிடித்து வைத்துக் கீதம் பாடிக்கொண்டிருக்கிறாராம். பேச்சுக்கு நடுவே அவரே போனை வாங்கிக்கொண்டார்.

"பாப்பா, அவசரமில்ல. மெதுவா வாங்க. உங்கப்பாருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிடு. நாங்க இங்கதான் கீறோம்."

ஜெயப்பிரியாவுக்கு அது போதுமாக இருந்தது.

நெய்யும் ஏலமும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்து மணக்கத் தொடங்கியது. தெருவில் போனவர்கள் நின்று மூக்கை உறிஞ்சினார்கள். ஹேமநாதன் நீளத் துடுப்பை விட்டு முதல் டின்னை இழுத்தார். நடு ஏறி, மேலே மெல்ல வெடித்து, நல்ல செங்காவி நிறம். ஞானகுமாரி ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து, இது ரேணுகா, இது வசந்தா, இது ஆஷ்லி என்று பேர் சொல்லி வாங்கி அடுக்கினாள். ஜெபம் சொல்வது போலத்தான் கேட்டது.

அடுப்புக் கூலி எவ்வளவு என்று ஜெயப்பிரியா பர்ஸைத் திறந்தாள். ஹேமநாதன் கஜபதியைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். கஜபதி மகளைக் கொஞ்சம் தள்ளி, வண்டியருகே கூப்பிட்டார். தொண்டையைச் செருமினார்.

"கூலி வாணாமாம். வேற ஒண்ணு கேட்டான்."

"இன்னா கேட்டாரு?"

"உங்க ஊட்டுல போட்டா மாதிரி அவனுக்கும் கரண்டு ஓவன் போடணுமாம். கட்டை வெல அவனுக்கும் கட்டல. யாரு கணக்குப் போட்டாங்கன்னு கேட்டான். எம் பொண்ணுன்னேன்." வண்டியின் சாக்கை உதறி மறுபடி விரித்தார். "பண்டிக முடிஞ்சதும் நீ வருவேன்னு சொல்லிட்டேன். வேற யார் வாயிலயோ நீ கேக்கக் கூடாது பாரு, அதான் நானே சொல்றேன்."

ஜெயப்பிரியாவுக்கு அப்போதுதான் அவர் இத்தனை நாள் எதைச் சுமந்தார் என்பது தெரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சிராய் ஏறிக் காய்த்துப்போன கை.

"நான்தான் மொதல்ல உன்னாண்ட வந்திருக்கணும், நைனா."

"சரி, சரி."

"இவரும் நிறுத்திட்டா, அப்பறம் உன்னாண்ட கட்டை வாங்கற பெரிய ஆளுன்னு யாரு கீறாங்க?"

கஜபதி திரும்பி, அடுக்கி வைத்த கேக்குகளையும், ஆவி பறக்கிற அடுப்பு வாயையும் ஒருமுறை பார்த்தார்.

"இவன் ராத்திரி ரொட்டியும் சுடறவன். லோடு பெரிசா கேட்டு எழுது," என்றார்.

அவள் மறுபடியும் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு, முதல் டின்னுக்காக ஞானகுமாரியிடம் கை நீட்டியிருந்தார்.